பனிக்காலையில் பெற்றோல் எங்கே போகிறது?

தை மாதக் காலை. பேராதனைப் பாலத்தின் கீழே மகாவலியை மூடிய பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. வீதியோரத்தில் ஒரு முச்சக்கர வண்டி பத்து நிமிடமாக நின்ற இடத்திலேயே உறுமுகிறது. ஓரடி நகராமலே பெற்றோல் எரிகிறது!

குளிரில் எஞ்ஜின் ஒயில் தடிக்கும், பெற்றோலும் எளிதில் ஆவியாகாது. ஆகவே சூடேறும்வரை எஞ்ஜினுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். பிள்ளையைப் பாடசாலையில் விட்டுத் திரும்பும் குறுகிய ஓட்டமோ சூடேறுமுன்பே முடிந்துவிடுகிறது. அரை நிமிடம் பொறுத்து மெதுவாகப் புறப்பட்டால், ஓட்டத்திலேயே எஞ்ஜின் விரைவாகச் சூடேறும்.

டயரையும் மறக்கக்கூடாது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் குறைந்தால், கார் டயரின் காற்றமுக்கம் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ இறங்கும்; அமுக்கம் குறைந்த டயரில் ஓடினாலும் பெற்றோல் கூடுதலாக எரியும். பேராதனையிலிருந்து ஏ5 வீதியால் நுவரெலியா ஏறுவோர், அங்கே காலையில் வண்டியை எடுக்குமுன் டயரை அளந்து பார்ப்பது நல்லது.