தொப்புளைச் சுற்றி 14 ஊசி... நரம்பு நோய்க்கு வழிகாட்டிய கதை!

நாகர்கோவில், தக்கலைப் பக்கத்துப் பெரியவர்களிடம் நாய்க்கடி என்று சொல்லிப் பாருங்கள். 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்று இன்றும் முகம் சுளிப்பார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கான ஆராய்ச்சிக்கு, அந்தப் பழைய ஊசியும் வழிகாட்டியது.

டேவிட் செம்பிள் 1911-ல் காசௌலியில் உருவாக்கிய தடுப்பூசி அது. வெறிநோய்க் கிருமி தாக்கிய ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் தயாரானது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால், போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கைகால் செயலிழந்தது.

உறை உரிந்த வயர்

ரப்பர் விளையும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் காரணம் எளிதில் புரியும். மின்சார வயருக்கு மேலுறை எப்படியோ, நரம்புக்கு மயலின் அப்படி. அது உரிந்தால் மூளையின் கட்டளை தடுமாறும்.

உறையை உரித்தது கிருமியா, ஊசியில் இருந்த மூளைத் திசுவா? அமெரிக்காவில் தாமஸ் ரிவர்ஸ் குழுவினர் கிருமியே இல்லாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். சில குரங்குகளுக்கு வாதம் வந்தது; மயலினும் அழிந்திருந்தது. 1933-ல் வெளியான முடிவு இது. அந்நிய மூளைத் திசுவை எதிர்க்கக் கிளம்பிய உடலின் காவல் படை, சொந்த நரம்பையே தாக்கியிருக்கிறது! மல்டிபிள் ஸ்கிளிரோசிஸிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

எதிர்பாராத மருந்து

அன்று முதல் எலி, சீமைப்பெருச்சாளி போன்றவற்றில் இந்நோயை வரவழைத்து ஆராய்கிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் சேலா, ரூத் ஆர்னன் குழுவினர் நோயை உண்டாக்குவதற்காக ஒரு செயற்கைப் புரதம் செய்தார்கள். அதுவோ நோயைத் தடுத்தது! அதுதான் 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிளாட்டிராமர் என்ற மருந்து.

ஆனாலும் எலி வேறு, மனிதன் வேறு. டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுப்பது விலங்குகளுக்கு நல்ல பலன் தந்தது. நோயாளிகளிடமோ பாதிப்பை அதிகப்படுத்தியது.

பயம் வேண்டாம்

ஆட்டு மூளைத் தடுப்பூசி இந்தியாவில் இப்போது இல்லை. இன்றைய ஊசியில் மூளைத் திசு கிடையாது, கையில்தான் போடுகிறார்கள். நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குப் போங்கள். பழைய பயத்தில் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

ஒரு கண்ணில் திடீர் பார்வை மங்கல், நாள்கணக்கில் மரத்துப்போகும் கைகால், தள்ளாட்டம் இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸை முழுதாகக் குணப்படுத்த முடியாவிட்டாலும், சீக்கிரம் கண்டுபிடித்தால் கட்டுக்குள் வைக்க முடியும்.