முதியோர் வீட்டில் ரோபோ

முதியோருக்கு உதவும் வீட்டு ரோபோக்களில் வேலை செய்பவை ஒரு வகை; பேச்சுத்துணையாக இருப்பவை இன்னொரு வகை. தரையைத் தானே பெருக்கித் துடைக்கும் வட்ட இயந்திரம் முதல் வகை. இரண்டாம் வகைக்கு, ஜப்பானில் 2005-இல் விற்பனைக்கு வந்த 'பாரோ' சான்று. கடல்நாய்க்குட்டி உருவிலான இது, தடவிக்கொடுத்தால் கண் சிமிட்டும், குரல் கொடுக்கும்; மறதிநோய் உள்ளவர்களின் பதற்றத்தைத் தணிக்கப் பயன்படுகிறது. நியூயார்க் மாநிலம் 2022-இல் முதியோருக்கு வழங்கத் தொடங்கிய 'எல்லிக்யூ' என்ற ரோபோ தானாகவே பேச்சுக்கொடுக்கும். மாத்திரை வேளையை நினைவூட்டும்.

பிள்ளைகள் பிரான்ஸில் குடியேறிவிட, பெற்றோர் மட்டும் வாழும் வீடுகள் புதுச்சேரியில் உண்டு. அங்கே இத்தகைய ரோபோக்கள் பயன்பட வேண்டுமானால், பேசும் கருவிக்குப் பேச்சுத்தமிழ் புரிய வேண்டும். நகரும் கருவி வாசற்படியில் தடுக்கி நிற்கக் கூடாது. கருவியின் கேமரா வீட்டுக்குள் எதைப் பார்க்கிறது, பதிவு யாரிடம் போகிறது என்பதும் முதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேண்டாதபோது கருவியை அணைக்கும் உரிமையும் அவருக்கே.