காட்டில் எங்கே தங்குவது?

இரண்டாம் ஆண்டு மாணவர், இளம் அறிவியல் (விலங்கியல்)

புதுவையில் பிறந்து வளர்ந்த எனக்கு யானை என்றால் இலட்சுமிதான். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் நின்று, துதிக்கையைத் தலையில் வைத்து ஆசி வழங்கிய அந்த யானையை நம்மில் அறியாதவர் யார்? 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் காலை நடைப்பயிற்சிக்குச் சென்ற இடத்தில் அது சாலையிலேயே சரிந்து உயிர்விட்டது. அன்று ஊரே தெருவில் நின்று அழுதது. "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்ற பழமொழி இலட்சுமிக்குப் பொருந்தும். காட்டு யானைக்கு மணி ஏது? அது வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. இதனை நான் நேரில் கற்றது கடந்த டிசம்பர் மாதம் எங்கள் துறையின் கல்விச் சுற்றுலாவில்.

முதுமலைக்குப் போகிறோம் என்று வீட்டில் சொன்னபோது, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமக்கும் என் தந்தை கேட்ட முதற்கேள்வி இது: "காட்டுல போயி எங்கடா படுப்பீங்க?" எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பணம் கொடுத்து ஓர் அறையில் தங்கிய பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. நானோ, "எல்லாம் காலேஜுல பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டேன். அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது போய் வந்த பின்னரே விளங்கிற்று.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது. நீலகிரி மாவட்டத்தில் மலைத்தொடரின் வடக்குச் சரிவுக்குக் கீழே அமைந்த முதுமலை 1940ஆம் ஆண்டிலேயே சரணாலயமாயிற்று. 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உட்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். மோயாறு எல்லையாக ஓட, அக்கரையில் கருநாடகத்தின் பந்திப்பூர். மேற்கே கேரளத்தின் வயநாடு. யானைக்கு இந்த மாநில எல்லைகள் தெரியா. மூன்று மாநிலக் காடுகளும் அதற்கு ஒரே வீட்டின் மூன்று கட்டுகள்.

இங்கு வருகிறவர் தங்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. காட்டுக்குள்ளேயே தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம் ஆகிய இடங்களில் வனத்துறையின் ஓய்வில்லங்கள் உள்ளன. காட்டின் கிழக்கு விளிம்பில் மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கங்களில் தனியார் விடுதிகள் உள்ளன. இரண்டும் வேண்டாம் என்றால் கூடலூரிலோ உதகையிலோ ஊருக்குள் தங்கிக்கொண்டு பகலில் வந்து போகலாம்.

கடைசி வழியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பாதுகாப்பானது, கடைத்தெரு அருகில் இருக்கும், உணவுக்குக் குறைவில்லை. ஆனால் காட்டைப் பார்ப்பதற்கு உகந்த நேரம் விடியற்காலையும் அந்திப்பொழுதுமே. தொரப்பள்ளி வழியாகத் தெப்பக்காடு சென்று மைசூருக்குப் போகும் நெடுஞ்சாலையை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுகிறார்கள். வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் மடிந்ததால் வந்த தடை இது. பந்திப்பூர்ப் பகுதியில் 2009இலேயே நடைமுறைக்கு வந்தது. உதகையிலிருந்து தெப்பக்காட்டுக்குக் கல்லட்டி வழியே 36 கிலோமீட்டர்தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்துப் பாதையில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கூடலூர் சுற்றி வந்தால் 67 கிலோமீட்டர். உதகையில் படுத்தவன் தெப்பக்காடு வந்து சேர்வதற்குள் மான்கள் மேய்ந்து முடித்து நிழலுக்குப் போய்விடும். (நீலகிரிக்குள் நுழையவே 2024 மே மாதம் முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை எங்கள் ஓட்டுநர் மேட்டுப்பாளையத்தில்தான் நினைவுகூர்ந்தார். அரைமணி நேரம் அங்கே போயிற்று.)

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். இரண்டு இரவுகள் தங்குவதாகத் திட்டம். வனத்துறை இல்லங்களில் அறைகள் மிகச் சில. நாங்கள் விண்ணப்பித்தது நவம்பர் பிற்பகுதியில். எனவே இரண்டாம் இரவுக்கு மட்டுமே தெப்பக்காட்டில் இடம் கிடைத்தது. முதல் இரவுக்கு மசினகுடிப் பக்கத்தில் ஒரு தனியார் விடுதியை யாரோ ஒருவர் தொலைபேசியில் பேசி ஏற்பாடு செய்தார். அதன் பெயர் இங்கே தேவையில்லை.

உண்மையைச் சொன்னால், உள்ளே நுழைந்ததும் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. ஓலை வேய்ந்த குடில்கள், சுடுநீர், புல்வெளி நடுவே தீ மூட்ட அடுக்கிவைத்த விறகு. இரவு எட்டு மணிக்கு நெருப்பு மூட்டிப் பாட்டுப் போட்டார்கள். நானும் ஆடினேன், மறைப்பதற்கில்லை. சமையற்கட்டில் உதவிக்கு இருந்த பெரியவர் ஒருவர், அந்தப் பகுதியின் பழங்குடியைச் சேர்ந்தவர், சத்தத்தைக் குறைக்கும்படி இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நாங்கள் கேட்கவில்லை. பதினொரு மணியளவில் மின்வேலியின் அப்பால் ஏதோ கிளை முறியும் ஓசை. எல்லாரும் கைபேசி விளக்குகளைத் திருப்பினோம். வேலியை ஒட்டி ஒரு பெண் யானையும், அதன் வயிற்றுக்கடியில் ஒரு குட்டியும்.

அவை பிளிறவுமில்லை, பாயவுமில்லை. சிறிது நேரம் நின்றன. தாய் யானை துதிக்கையை நீட்டி, வேலியைத் தொடாமல் காற்றை மட்டும் முகர்ந்தது. பின் திரும்பி, வந்த வழியே போகாமல், வேலியின் ஓரமாகவே ஊர்ப்பக்கம் நடந்து இருட்டில் மறைந்தது. "தம்பி, இது அதுங்க போற வழி. நடுவுல நாமதான் படுத்திருக்கோம்" என்றார் பெரியவர். மறுநாள் காலை மசினகுடிக்குப் போகும் வழியில் ஒரு சிறு வாழைத் தோட்டம் சாய்ந்து கிடந்தது. முறிந்த தண்டுகளின் நடுவே ஓர் அம்மாள் பேச்சின்றி நின்றுகொண்டிருந்தார். அந்த யானைகளே இதைச் செய்தன என்று நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் பேருந்தில் எவரும் அன்று பாடவில்லை.

பெரியவர் சொன்ன "வழி" என்பது வெறும் பேச்சல்ல. சீகூர்ப் பீடபூமி எனப்படும் அந்தச் சமவெளி, நீலகிரி மலைச்சுவருக்கும் மோயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலம். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் போகும் யானைகளுக்கு இதுவே கழுத்துப் போன்ற பாதை. நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாமல் தின்னும் விலங்கு ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்க முடியாது. பருவத்துக்கேற்ப நடந்துகொண்டே இருந்தாக வேண்டும். நடக்கும் கழுத்தில் வேலி போட்டால் அது எங்கே போகும்? ஊருக்குள் வரும்.

இதன்பொருட்டே 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இங்கே யானை வழித்தடத்தை அறிவித்து ஆணை வெளியிட்டது. விடுதி உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 2011 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2018 ஆகஸ்டில், உரிய அனுமதியின்றி நடந்த விடுதிகளை மூடி முத்திரையிடும்படி அந்நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 அக்டோபர் 14ஆம் நாள் வழித்தட ஆணை செல்லும் என்று இறுதித் தீர்ப்பு வந்தது. நில உரிமையாளர்களின் முறையீடுகளைக் கேட்க, ஓய்வுபெற்ற நீதியரசர் கே.வெங்கட்ராமன் தலைமையில் ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. தீர்ப்பு வந்து மூன்று மாதம் ஆவதற்குள் மசினகுடியில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தங்கும் குடில் ஒன்றின் அருகே வந்த ஆண் யானையின் மேல் எரியும் பொருளை வீசினார்கள். அது காதில் பற்றிக்கொண்டு எரிய, யானை இருட்டில் ஓடிய காட்சி நாடெங்கும் பரவிற்று. ஏற்கெனவே முதுகில் புண்பட்டிருந்த அந்த யானை 2021 ஜனவரி 19 அன்று, சிகிச்சைக்காகத் தெப்பக்காட்டுக்குக் கொண்டு செல்லும் வழியில் இறந்தது.

இதனால் மசினகுடியில் அறை வாடகைக்கு விடுவோர் அனைவரும் கொடியவர் என்று எழுதிவிடலாகாது. விளைநிலத்தை யானையிடமும் பன்றியிடமும் இழந்த சிறு குடியானவன், இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டால் அவனைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஜீப் ஓட்டுநர், சமையற்காரர், துணி வெளுப்பவர் என்று ஊரின் பிழைப்பே வருகிறவர்களை நம்பியிருக்கிறது. ஆனால் எந்த வேலியும் இல்லாமல், இரவில் விளக்கைத் தணித்து, வாய்க்கு விருந்தும் காதுக்கு அமைதியும் தருகிற இல்லமும் ஊருக்குள் உண்டு; வழித்தடத்தின் குறுக்கே மின்வேலி போட்டு "நள்ளிரவு வனச்சுற்று" என்று ஆசை காட்டுகிற இடமும் உண்டு. இரண்டாவது சட்டப்படி குற்றம். வாடகை பேசும் முன்பே மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: உரிமம் உண்டா, மின்வேலி உண்டா, இரவில் வண்டியில் அழைத்துப் போவீர்களா? மூன்றாவதற்கு "ஆம்" என்று பதில் வந்தால் தொலைபேசியை வைத்துவிடலாம்.

ஆப்பிரிக்காவிலும் இதே சிக்கல் வேறு உருவில் உண்டு. கென்யாவின் அபர்டேர் காட்டில் 1932இல் ஓர் அத்திமரத்தின் மேல் கட்டிய 'ட்ரீடாப்ஸ்' என்னும் விடுதி உலகப் புகழ்பெற்றது. கீழே தண்ணீருக்கு வரும் விலங்குகளை மேலிருந்தே பார்க்கலாம். 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கே தங்கியிருந்த இரவில்தான் அவர் தந்தை இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாமில் இறந்தார். மரமேறிய இளவரசி அரசியாக இறங்கினார் என்பார்கள். அன்றிரவு அவருடன் இருந்தவர், நைனிடாலில் பிறந்து கென்யாவில் குடியேறிய நம் ஜிம் கார்பெட் என்பது சுவையான செய்தி. இன்று அந்நாட்டின் மசாய் மாரா காப்பகத்தைச் சுற்றியுள்ள நிலத்தை மசாய் மக்களே சிறிய கூடார விடுதிகளுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். வேலி இல்லை, கூடாரங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, இருட்டியபின் காவலர் துணையின்றிக் கூடாரத்தை விட்டு வெளியேறக் கூடாது. நிலம் மக்களிடம் இருக்கிறது, வழி விலங்குகளிடம் இருக்கிறது. சீகூரில் இது ஏன் இயலாது என்று எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். "அங்கே நிலம் பரந்தது, இங்கே கழுத்து" என்றார். அது பாதி விடைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் நாள் தெப்பக்காடு சேர்ந்தோம். இங்குள்ள யானை முகாம் நூறாண்டு கடந்தது. இங்கே யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிய குறும்படம் 2023இல் ஆஸ்கர் பரிசு பெற்ற பின் கூட்டம் கூடிவிட்டது. இராகி, கொள்ளு, வெல்லம் சேர்த்துப் பிசைந்த உருண்டைகளை யானைகளுக்கு ஊட்டுவதை மாலையில் கண்டோம். பிற்பகலில் வனத்துறை வண்டியில் காட்டுக்குள் ஒரு சுற்று. சொந்த வண்டியில் காட்டுப்பாதைக்குள் போக எவருக்கும் அனுமதி இல்லை. காட்டெருதுகளும் புள்ளிமான்களும் கண்டோம். புலியைக் காணவில்லை.

பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. ஆறு மணிக்குமேல் பார்வையாளர் அனைவரும் போய்விட்டார்கள். எங்களுக்குக் கூட்டுப் படுக்கை அறை. இரும்புக் கட்டில், மெல்லிய மெத்தை. கைபேசிக்குத் தொடர்பு இல்லை. எட்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. சோறு, சாம்பார், ஒரு பொரியல், அவ்வளவே. வாயிலைத் தாண்டக் கூடாது என்று காவலர் கண்டிப்பாகச் சொன்னார். முந்தின இரவின் விறகுத்தீயை எண்ணிச் சிலர் முணுமுணுத்தார்கள். ஒன்பது மணிக்குமேல் சாலையும் அடங்கிற்று. ஆற்றின் ஓசை கேட்டது. முகாம் யானைகளின் சங்கிலி எப்போதாவது ஒலித்தது. சன்னல் வழியே பார்த்தால் முற்றத்தில் புள்ளிமான்கள் கூட்டமாகப் படுத்திருந்தன. மனிதர் இருக்கும் இடத்துக்குச் சிறுத்தையும் செந்நாயும் வரத் தயங்கும் என்பதால் மான்கள் இப்படிக் கட்டடத்தின் அருகே இரவைக் கழிப்பதுண்டு என்று காவலர் சொல்லியிருந்தார். பின்னிரவில் அவை அனைத்தும் ஒருசேர எழுந்து ஒரே திசையில் காதை நிமிர்த்தின. தொலைவில் ஒரு மான் கூவிற்று, மறுபடி கூவிற்று. எதைக் கண்டு கூவிற்றோ! நாற்பது பேர் இருந்த அந்த அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. என்னுடைய விலங்கியல் குறிப்பேட்டில் 'எச்சரிக்கைக் குரல்' என்ற சொல்லை முதலாண்டிலேயே எழுதிவைத்திருந்தேன்.

வீடு திரும்பியதும் தந்தையிடம் இரண்டு இரவையும் சொன்னேன். தாயும் குட்டியும் வேலியோரம் திரும்பிப் போனதைக் கேட்டுவிட்டு, "வழிய மறிச்சிக்கிட்டா படுத்திருந்தீங்க?" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு செல்லவிருக்கும் தம்பி தங்கையர்க்குச் சில சொற்கள். விண்ணப்பத்தை நவம்பர் வரை தள்ளாதீர்கள். கல்லூரி திறந்ததுமே முதல்வரின் கடிதத்துடன் வனத்துறைக்கு எழுதி, இரண்டு இரவும் காட்டில்லத்திலேயே கேளுங்கள். மழைக்காட்டின் சாயலும் காட்டெருதும் வேண்டுமானால் மேற்கே கார்குடிப் பக்கம். பிணந்தின்னிக் கழுகும் முட்புதர்க் காடும் வேண்டுமானால் கிழக்கே மசினகுடிப் பக்கம். கம்பளி ஒன்று, கைவிளக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்; டிசம்பரில் குளிர் நம் கடற்கரைக் குளிர் போன்றதன்று. பிப்ரவரிக்குப் பின் போவதானால், காட்டுத்தீ அச்சத்தால் மூடியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.