பிரிந்தாலும் கூடும் புரத ஜெல்

பாலில் உறை ஊற்றி வைத்தால் மறுநாள் காலையில் கெட்டித் தயிராகிறது. பாலின் 100 பங்கில் ஏறக்குறைய 87 பங்கு நீரே. அந்த நீர் தயிரிலும் இருக்கிறது; ஆயினும் கிண்ணத்தைச் சாய்த்தால் சிந்துவதில்லை. காரணம் என்ன? பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் வலையாகப் பின்னிக்கொண்டு நீரைத் தன்னுள் பிடித்து வைக்கிறது. இவ்வாறு நீரைத் தாங்கி நிற்கும் வலையையே ஹைட்ரோஜெல் என்கிறோம்.

தயிரில் கரண்டியிட்டால் பள்ளம் விழுகிறது, நீர் கசிகிறது, பிரிந்த பகுதி மீண்டும் ஒட்டுவதில்லை. ஆனால், பிரித்தாலும் தாமாகவே கூடிக்கொள்ளும் புரத ஜெல்களை இன்று அறிவியலார் உருவாக்கியுள்ளனர்.

இந்த விந்தையின் இரகசியம் பிணைப்பில் உள்ளது. தையல் போட்ட துணி கிழிந்தால் கிழிந்ததுதான். கொக்கியால் மாட்டிய துணியையோ கழற்றிக் கழற்றி மாட்டலாம். வலுவான வேதிப் பிணைப்பு தையலைப் போன்றது. புரதங்களுக்கிடையே உள்ள மென்மையான ஈர்ப்பு கொக்கியைப் போன்றது.

1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேவிட் டிரெல் முதலானோர் இரு முனைகளிலும் 'லூசின் ஜிப்பர்' கொண்ட செயற்கைப் புரதத்தை உருவாக்கினர். அதன் ஜெல் சூடேற்றினால் இளகியது. ஆறியதும் மீண்டும் ஜெல்லாயிற்று. 2009-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சாரா ஹைல்ஷார்ன் குழுவினர் இன்னும் ஒருபடி முன்னேறினர். ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இருவகைப் புரதங்களைக் கலந்தனர். சூடும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். கலந்தவுடன் ஜெல் உருவாயிற்று!

இதனால் மருத்துவத்திற்கு என்ன பயன்? பழுதடைந்த உறுப்பில் புதிய உயிரணுக்களை ஊசி வழியே செலுத்த மருத்துவர்கள் விரும்புகின்றனர். வெறும் உப்புநீரில் கலந்து செலுத்தினால், குறுகிய ஊசிக்குள் நுழையும்போது உயிரணுக்கள் இழுபட்டு, அவற்றின் மென்சவ்வு கிழிகிறது. பல அங்கேயே மடிகின்றன. தானே கூடும் ஜெல்லில் வைத்துச் செலுத்தினாலோ, ஊசியின் சுவரை ஒட்டிய பகுதியில் மட்டும் பிணைப்புகள் விடுபட்டு ஜெல் இளகுகிறது. நடுப்பகுதி உயிரணுக்களை அணைத்தபடி வழுக்கிச் செல்கிறது. வெளியே வந்ததும் பிணைப்புகள் மீண்டும் கூடுகின்றன. உயிரணுக்கள் சேர வேண்டிய இடத்திலேயே தங்குகின்றன. பணி முடிந்தபின் உடலின் நொதிகள் அப்புரதத்தை அமினோ அமிலங்களாகச் சிதைத்துவிடுகின்றன.

இரத்தக்கசிவை நிறுத்தவும் இவ்வகைப் பொருள் உதவுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஷுகுவாங் ஜாங், ஈஸ்ட்டின் புரதம் ஒன்றை ஆராய்ந்தபோது, தாமாகவே இழைகளாகக் கோத்துக்கொள்ளும் சிறு புரதத் துண்டுகளைக் கண்டார். அந்த வழியில் வந்த ஒன்று 'ராடா 16'. அதில் இருப்பவை 16 அமினோ அமிலங்களே. அதன் இழைகளை ஒலியலைகளால் துண்டாக்கியபோதும் அவை மறுபடி சேர்ந்துகொண்டன. இன்று இது குடல் முதலிய இடங்களில் கசியும் இரத்தத்தை அடக்க மருத்துவமனைகளில் பயன்படுகிறது.

ஆயினும், எல்லா நோய்க்கும் மருந்து கிடைத்துவிட்டது என எண்ணிவிடலாகாது. எளிதில் விடுபடும் பிணைப்பு பாரம் தாங்குவதில்லை. முழங்கால் மூட்டைப் போல் நாள்தோறும் நம் எடையைச் சுமக்கும் இடத்திற்கு இந்த மென்மை போதாது. மென்மையும் உறுதியும் ஒருங்கே அமையும் வழியை ஆய்வாளர்கள் இன்னும் தேடி வருகின்றனர். உயிரணுக்களைச் சுமக்கும் ஜெல்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

புரதத்தின் இயல்பை உயிர்களில் எழுதி வைத்தவர் இறைவன். அதைப் பொறுமையுடன் படித்து, பிறர் துன்பம் துடைக்கப் பயன்படுத்துவது மனிதரின் கடமை. விறைத்து நிற்பதே வலிமை என்று நாம் எண்ணுகிறோம். நெருக்கடியில் இளகி, உள்ளிருக்கும் உயிரைக் காத்து, மீண்டும் ஒன்றுகூடுவதும் வலிமையே என்பதை இச்சிறு புரதங்கள் நமக்குக் காட்டுகின்றன. இத்துறையில் ஆய்வு செய்ய நம் மாணவியருள் சிலரேனும் முன்வருவார்களாக!