வாங்குபவர் வேறு, தள்ளுபவர் வேறு

பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரைப் பாக்கத்தில், உலர வைத்த உணவைக் கொத்த வரும் கோழியைப் பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். அந்தக் கனத்த அணி வழியில் கிடந்து, சிறுவர்கள் குதிரையின்றி உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்குத் தடையாகிறது. ஊரின் செல்வச் செழிப்பைச் சொல்வதற்காகப் புலவர் அமைத்த காட்சி அது. குழந்தையின் வண்டிக்குத் தெருவில்தான் சோதனை என்ற செய்தியும் அதற்குள் இருக்கிறது. பிற்காலத்தில் நம் வீடுகளுக்குத் தச்சர் செய்து தந்த நடைவண்டிக்கும் மூன்று சக்கரங்கள்தாம்.

இன்று நகரக் குடும்பங்களுக்குள் வந்திருப்பது வேறொரு மூன்று சக்கர வண்டி. குழந்தையை அமர்த்திப் பின்னாலிருந்து தள்ளிச் செல்லும் 'ஸ்ட்ரோலர்'. பிரிட்டனில் இதையே 'புஷ்சேர்' என்பார்கள். முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகப் பெரிய சக்கரங்கள் கொண்ட வகை, சிறு சக்கரங்கள் நான்கு கொண்ட வகையைவிடப் பெரும்பாலும் விலை கூடியது. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் மகள் வீட்டுக்குப் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் செல்லும் நம்மவர்களுக்கு, பயணக் களைப்புத் தீர்வதற்குள் கையில் தரப்படுவது இதன் கைப்பிடிதான். சென்னை, கோவை அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மாலை நேரங்களில் இதைக் காண முடிகிறது.

இந்த வண்டியின் பொருளியல் சற்று விசித்திரமானது. சட்டையை வாங்குபவரே பெரும்பாலும் அதை அணிகிறார். இங்கோ ஒரே பொருளில் மூவர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். விலை கொடுப்பவர்கள் இளம் பெற்றோர். பகலில் தள்ளுபவர் பாட்டியோ, தாத்தாவோ, பணிப்பெண்ணோ. அமர்ந்து செல்வது, தன் கருத்தைச் சொல்லத் தெரியாத குழந்தை. விற்பனையாளர் பேசுவது முதலாமவரிடம் மட்டுமே. ஆகவேதான் துணியின் நிறமும், காபிக் கோப்பை வைக்கும் இடமும், ஒரே கையால் மடிக்கும் வித்தையும் கடையில் முன்னிறுத்தப்படுகின்றன. சக்கரத்தின் அச்சைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

இந்த இடைவெளி புதிதன்று. 1733-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காகச் செய்த வண்டி, ஆடு போன்ற சிறு விலங்கைப் பூட்டி இழுப்பதற்கானது. மனிதர் தள்ளும் வண்டிகள் பிறகு வந்தபோதும் அவை இரும்பும் மரமுமாகக் கனத்தே இருந்தன. அதை மாற்றியவர், தள்ளுபவரின் சிரமத்தை நேரில் கண்ட ஒரு தாத்தா. விமானப் பொறியாளரான ஓவன் மெக்லாரன், தம் மகள் கனமான வண்டியோடு பயணத்தில் படும் பாட்டைப் பார்த்து, குடைபோல் மடங்கும் அலுமினிய வண்டியை உருவாக்கி 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதன் எடை ஏறத்தாழ மூன்று கிலோ. 1984-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா நகரில், பத்திரிகையில் பணியாற்றிய ஃபில் பேக்லர், மகனையும் உடன் அழைத்துக்கொண்டு ஓட விரும்பிப் பழைய குழந்தை வண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தினார். இன்றைய மூன்று சக்கர வண்டியின் மூலம் அதுவே.

மூன்று சக்கரம் ஏன்? மேடுபள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் பதிந்து நிற்கும். பெரிய சக்கரம் சிறு பள்ளத்துக்குள் இறங்காமல் அதன் மீதே உருண்டு கடக்கும். காற்றடைத்த டயர் அதிர்வைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. நான்கு சக்கர வண்டியின் தாங்குபரப்பு செவ்வகம், இதற்கோ முக்கோணம். முன்பக்க மூலைகளில் ஊன்றுவதற்கு எதுவும் இல்லை. நடைபாதை விளிம்பில் சாய்வாக ஏற்றினாலோ, வேகமாகத் திருப்பினாலோ பக்கவாட்டில் கவிழும் வாய்ப்பு அதிகம். விளிம்பில் எப்போதும் நேராக நின்று, கைப்பிடியை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கி ஏற்ற வேண்டும். கைப்பிடியில் காய்கறிப் பையைத் தொங்கவிட்டால் வண்டி பின்னோக்கிச் சாயும். குழந்தையை இறக்கிய அடுத்த நொடியில் இது நிகழ்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். சுமையை இருக்கைக்கு அடியில் உள்ள கூடையில் வைப்பதே முறை.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வண்டியை அன்று, அது ஓடப்போகும் வழியை. வீட்டு வாயில், மின்தூக்கியின் கதவு, காரின் பின்பெட்டி ஆகிய மூன்றையும் அளந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. காற்று டயர் கொண்ட மூன்று சக்கர வண்டி 60 சென்டிமீட்டருக்கும் மேல் அகலம் இருக்கும். 10 முதல் 14 கிலோ வரை எடை இருக்கும். மின்தூக்கி இல்லாத இரண்டாம் மாடி வீட்டில், அறுபது வயதைக் கடந்த ஒருவர் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் இந்த எடையுமாகப் படியேற முடியுமா? தள்ளப்போகும் பாட்டியையும் கடைக்கு அழைத்துச் சென்று, அவரையே மடித்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னால் பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். கைப்பிடியின் உயரத்தை மாற்ற முடியுமா என்பதும் அவருடைய முதுகுக்கு முக்கியம்.

நம் ஊர்ச் சாலைகளைப் பற்றி ஒரு சொல். நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்றும், அதன் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்றும் இந்தியச் சாலைகள் பேராயத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. இந்த அளவில் இரு வண்டிகள் எதிரெதிரே தாராளமாகச் செல்லலாம். மின்மாற்றிப் பெட்டியும் நிறுத்திய இருசக்கர வாகனங்களும் அதில் எவ்வளவை விட்டுவைக்கின்றன என்பதை வாசகர்களே அறிவர். பூங்கா, வளாகத்துப் பாதை, சென்னை தியாகராய நகரில் 2019-இல் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம் போன்ற இடங்களில் மட்டுமே தள்ளப்போகிறோம் என்றால், எடை குறைந்த நான்கு சக்கர வண்டியே போதும். மண் பாதை, ஜல்லி, பெயர்ந்த கற்கள் என்றால் மூன்று சக்கரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீணாகாது.

விலையையும் அப்படித்தான் கணக்கிட வேண்டும். ரூ.30,000 கொடுத்து வாங்கிய வண்டி இரண்டு ஆண்டுகளில் 500 முறை வெளியே சென்றால் ஒரு முறைக்கு ரூ.60. ரூ.8,000-க்கு வாங்கியது நம் தெருவில் உருளாமல் 20 முறையோடு பரணுக்குப் போனால் ஒரு முறைக்கு ரூ.400.

முன் சக்கரத்துக்கு வருவோம். இதில் இரு வகை உண்டு. திசை மாறாமல் நேரே நிற்பது ஒன்று; எல்லாப் பக்கமும் சுழல்வது மற்றொன்று. சுழலும் சக்கரம் கடைவீதியில் திரும்புவதற்கு எளிது. ஆனால், வேகம் கூடினால் அது படபடவென்று அதிரும். சிறு கல்லில் பட்டாலும் திசை மாறும். ஆகவே, சுழலவும் செய்து, வேண்டும்போது நேராகப் பூட்டவும் முடிகிற சக்கரமே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது. கரடுமுரடான பாதையிலும் வேக நடையிலும் பூட்டியே வைக்க வேண்டும். வண்டியோடு ஓடுவதைக் குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகும்வரை தவிர்க்குமாறு தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கூறுகிறார்கள். எட்டு மாதம் என்பவர்களும் உண்டு. கழுத்து நிற்காத குழந்தைக்கு மல்லாந்து படுக்கும் அளவுக்குச் சாயும் இருக்கை தேவை. குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நன்று.

இந்த முன் சக்கரம் அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கையே உண்டாக்கியது. கருவி ஏதுமின்றிச் சக்கரத்தைக் கழற்றி மாட்ட உதவும் நெம்புகோல் கொண்ட 'பாப்' வகை வண்டிகள் மீது, அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2018 பிப்ரவரியில் நடவடிக்கை தொடங்கியது. ஓட்டத்தின் நடுவே முன் சக்கரம் கழன்று, வண்டி குப்புறக் கவிழ்ந்ததாக 2012 முதல் சுமார் 200 புகார்கள் வந்திருந்தன. குறைந்தது 50 குழந்தைகளும் 47 பெரியவர்களும் காயமுற்றதாக ஆணையம் கூறியது. வடிவமைப்பில் குறையில்லை, நெம்புகோலைச் சரியாக மூடாததே காரணம் என்பது தயாரிப்பாளரான பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின் வாதம். அவ்வாண்டு நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. வண்டிகள் திரும்பப் பெறப்படவில்லை. சரியாக மாட்டும் முறையை விளக்கும் பிரசாரத்துக்கும், மாற்று அச்சு போன்ற ஈடுகளுக்கும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

யார் சொன்னது சரி என்பதைவிட எனக்கு இதில் முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு. கையேட்டைப் படித்தவர் வாங்கியவர். சக்கரத்தை மாட்டியவர் அவராகவே இருக்க வேண்டியதில்லை. தரத்தைப் பற்றிய தகவல் விற்பவரிடம் மட்டும் தங்கிவிட்டால் சந்தை பழுதுபடும் என்று ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970-இல் பழைய கார்களை உதாரணம் காட்டி எழுதினார். அதைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இங்கோ தகவல் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும், வாங்கியவரிடமிருந்து தள்ளுபவருக்குப் போய்ச் சேராமல் நிற்கிறது. ஆங்கிலக் கையேட்டை அட்டைப்பெட்டியோடு எறிந்துவிடாமல், அதிலுள்ள நான்கு செய்திகளைத் தாயின் மொழியில் எடுத்துச் சொல்வதற்குப் பத்து நிமிடம் போதும்.

முதற்செய்தி, அந்த நெம்புகோலை மாட்டும் முறை. அதை மரை போலச் சுற்றிச் சுற்றி இறுக்குவது தவறு. எதிர்ப்புறத் திருகை அளவாகத் திருகி வைத்து, நெம்புகோலை மடக்கி மூட வேண்டும். மூடும்போது உள்ளங்கையில் அச்சுப் பதியும் அளவுக்கு அழுத்தம் தேவைப்பட வேண்டும். எளிதாக மூடிக்கொண்டால் பிடிப்புப் போதாது. பின் சக்கரங்களை வெளிப்பக்கமாக இழுத்துப் பார்த்து, அச்சில் பூட்டிக்கொண்டனவா என்று உறுதி செய்ய வேண்டும்.

அடுத்தது பிரேக். அதை மிதித்த பிறகு வண்டியை முன்னும் பின்னும் ஒரு முறை தள்ளிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சக்கரத்தின் பல்லுக்குள் கம்பி முழுதாக இறங்காமல், மிதி மட்டும் கீழே இறங்கி நிற்பது உண்டு. சரிவில் பிரேக்கை மட்டும் நம்பி விலகக்கூடாது. கைப்பிடியோடு இணைந்த மணிக்கட்டு வார் அதற்காகவே தரப்படுகிறது. தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்களுக்கிடையே ஒன்று என ஐந்து முனைப் பட்டையைத் தெருமுனைவரைதான் போகிறோம் என்றாலும் மாட்ட வேண்டும். மடிப்புப் பூட்டு விழுந்த ஓசை கேட்ட பிறகே குழந்தையை அமர்த்த வேண்டும். மடிக்கும்போது குழந்தை எட்ட நிற்க வேண்டும். 2009-இல் மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து மூட்டுகளுக்கு உறை வழங்கியது, குழந்தைகளின் விரல் நுனி அதில் சிக்கித் துண்டிக்கப்பட்டதால்தான்.

டயரில் எவ்வளவு காற்று என்பது அதன் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பின் சக்கரங்கள் இரண்டில் ஒன்றில் காற்றுக் குறைந்தாலும் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். சமதளத்தில் வெறும் வண்டியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும். காற்று சரியாக இருந்தும் ஒருபுறம் ஒதுங்கினால், முன் சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் நிலையத்துக் காற்றுக் குழாயைத் தவிர்ப்பது நல்லது. இந்தச் சிறு ட்யூப் நொடியில் நிரம்பி வெடித்துவிடும், கைப்பம்பே போதும். பஞ்சர் ஆனால் அஞ்ச வேண்டியதில்லை. 12 அங்குலச் சக்கரங்கள் பலவற்றுக்குச் சிறுவர் சைக்கிளின் ட்யூப் பொருந்தும். டயரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் தெருமுனை சைக்கிள் கடைக்காரரே முடித்துத் தருவார். பஞ்சரே ஆகாத கெட்டி டயரும் உண்டு. அதில் பராமரிப்புக் குறைவு, அதிர்வு கூடுதல்.

கடற்கரையில் தள்ளிய வண்டியை நல்ல நீரால் அலசித் துடைக்க வேண்டும். உப்பும் மணலும் அச்சைத் தின்றுவிடும். சமையல் எண்ணெய் விடுவது நம்மிடையே ஒரு வழக்கம். அது தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும். சிலிக்கான் தெளிப்பு சிறிதளவு போதும். பட்டைகளை மென்மையான சோப்பு நீரில் துவைக்கலாம்; வெளுப்பான் இழையை வலுவிழக்கச் செய்யும். இன்னொன்று, வெயிலுக்காக வண்டியை முழுவதும் துணியால் மூடுவது பெரும் பிழை. உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் ஏறிக்கொண்டே போகும். முன்புறம் திறந்த கூரையும், உச்சி வெயிலில் வெளியே போகாமல் இருப்பதுமே பாதுகாப்பு.

கடைசியாக, கைமாறி வரும் வண்டிகள். பேரன் வளர்ந்ததும் அமெரிக்காவிலிருந்து திருச்சியிலுள்ள உறவினர் வீட்டுக்கு விமானத்தில் வந்து சேரும் வண்டிகள் பல. குறைபாடு கண்டறியப்பட்டால் உரியவருக்குத் தெரிவிப்பதற்காக, 2008-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி இத்தகைய பொருள்களோடு பதிவு அட்டை வைக்கப்படுகிறது. ஆனால், அந்த அறிவிப்பு முதலில் வாங்கியவரின் முகவரிக்கே செல்லும். வண்டிச் சட்டத்தில் ஒட்டிய சீட்டில் மாதிரி எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும். அவற்றை அந்த ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். விமானத்தில் ஏற்றுவதற்காக முன் சக்கரம் தனியே கழற்றப்பட்டிருக்கும். அதை இங்கே மாட்டுபவர் பெரும்பாலும் முதன்முறையாக மாட்டுபவர். மாட்டியதும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் மேற்புறத்தைக் கையால் ஓங்கித் தட்டிப் பார்க்க வேண்டும். அது அசையாமல் நின்ற பிறகே குழந்தையை அமர்த்த வேண்டும்.