எஸ்யுவி அளவுக்கு இடம், செடான் மாதிரி ஓட்டம்: ‘வேகன்’ கார்களின் சூட்சுமம் என்ன?

பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் இரண்டு கார்களை அருகருகே நிறுத்திப் பார்ப்போம். ஒன்று, 2017-ல் அறிமுகமான எக்ஸ்3 எஸ்யுவி. நீளம் 4,708 மி.மீ. இன்னொன்று, 2019-ல் வந்த 3 சீரிஸ் டூரிங். நீளம் 4,709 மி.மீ. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். டிக்கி கொள்ளளவு எக்ஸ்3-ல் 550 லிட்டர், டூரிங்கில் 500 லிட்டர். பின் சீட்டை மடக்கினால் எக்ஸ்3-ல் 1,600 லிட்டர், டூரிங்கில் 1,510 லிட்டர். இதிலும் சொல்லிக்கொள்ளும்படி பெரிய இடைவெளி இல்லை.

இப்போது உயரத்தைப் பாருங்கள். எக்ஸ்3 1,676 மி.மீ., டூரிங் 1,470 மி.மீ. அதாவது எஸ்யுவி சுமார் 20 செ.மீ. உயரம் அதிகம். அகலமும் 64 மி.மீ. கூடுதல். எடையோ நூறு கிலோவுக்கு மேல் அதிகம். அவ்வளவு உயரம் ஏற்றி, அவ்வளவு எடை கூட்டி, சூட்கேஸ் வைக்கக் கிடைப்பது கூடுதலாக 50 லிட்டர். ஒரு பெரிய பேக்பேக் அளவு!

அந்த 20 செ.மீ. சும்மா வருவதில்லை. ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பிரேக்கிலும், ஒவ்வொரு லிட்டர் எரிபொருளிலும் அதற்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்காமலே குடும்பத்துக்குத் தேவையான இடத்தைத் தருவதுதான் ‘வேகன்’ கார்.

வேகன் என்றால் என்ன?

செடானின் கூரையை அப்படியே பின்பக்கம் வரை நீட்டி, டிக்கியையும் கேபினையும் ஒரே அறையாக்கினால் அது வேகன். ஸ்டேஷன் வேகன், எஸ்டேட் என்றும் சொல்வார்கள். ஜெர்மனியில் பேச்சு வழக்கில் ‘கோம்பி’. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பெயர் வைத்திருக்கிறது. பிஎம்டபிள்யூவில் டூரிங், ஆடியில் அவான்ட், வோல்வோவில் ‘வி’ என்ற எழுத்து. 3 சீரிஸ் டூரிங், ஆடி ஏ4 அவான்ட், மெர்சிடஸ் சி-கிளாஸ் எஸ்டேட், வோல்வோ வி60 ஆகியவைதான் ஐரோப்பாவில் காம்பாக்ட் பிரீமியம் ஃபேமிலி வேகன் என்ற பிரிவின் முக்கியப் போட்டியாளர்களாக இருந்தவை.

கராஜில் பிறந்த கார்

3 சீரிஸ் டூரிங் பிறந்த கதையே சுவாரசியமானது. 1980-களில் பிஎம்டபிள்யூவில் வேலை பார்த்த மாக்ஸ் ரைஸ்பெக் என்பவருக்கு ஒரு சாதாரண குடும்பப் பிரச்சினை. குழந்தைகளோடு விடுமுறைக்குப் போனால், 3 சீரிஸ் செடான் டிக்கியில் சாமான்கள் அடங்கவில்லை. பெரிய கார் வாங்கலாம். ஆனால் அவருக்கு 3 சீரிஸ் ஓடும் விதம் பிடித்திருந்தது. அதை விட மனசு வரவில்லை.

விபத்தில் அடிபட்ட ஒரு 3 சீரிஸை வாங்கினார். நண்பரின் கராஜில் வைத்து, பின்பகுதியை வெட்டி, கூரையை நீட்டி, தானே ஒரு வேகனைக் கட்டினார். 1984-ல் உருவான அந்தக் காரைப் பார்த்த நிறுவன மேலிடம், அதையே தயாரிப்புக்குக் கொண்டுபோக முடிவெடுத்தது. 1987-ல் பிராங்பர்ட் கார் கண்காட்சியில் முதல் 3 சீரிஸ் டூரிங் அறிமுகமானது.

ரைஸ்பெக் தேடியதைத்தான் இன்றைக்கும் இந்தக் கார்களை வாங்குபவர்கள் தேடுகிறார்கள்: “இடம் வேணும், ஆனா ஓட்டுற சுகம் போகக் கூடாது.”

உயரத்துக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது வளைவில் நாம் சாய்கிறோம். தரையில் உட்கார்ந்திருந்தால் அவ்வளவு சாய மாட்டோம். காருக்கும் இதே கணக்குதான். காரின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அதுதான் ஈர்ப்பு மையம். அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, வளைவில் கார் அவ்வளவு சாயும்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, கார் கவிழும் அபாயத்தை மதிப்பிட ஓர் எளிய கணக்கை வைத்திருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவிலுள்ள அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். விடை எவ்வளவு பெரிதோ, கார் அவ்வளவு நிலையானது. உதாரணத்துக்கு, சக்கர அகலம் 1.56 மீட்டர், ஈர்ப்பு மையம் 55 செ.மீ. உயரத்தில் என்றால் விடை சுமார் 1.42. ஈர்ப்பு மையம் வெறும் 10 செ.மீ. ஏறினால் 1.2-க்கு இறங்கிவிடும். அந்த அமைப்பின் கணக்குப்படி பெரும்பாலான கார்கள் 1.3 முதல் 1.5 வரையிலும், உயரமான எஸ்யுவி, பிக்கப், வேன்கள் 1.0 முதல் 1.3 வரையிலும் இருக்கும்.

உயரம் என்ன செய்யும் என்பதை 1997-ல் உலகமே பார்த்தது. ரோட்டில் திடீரென மான் குறுக்கே வந்தால் காரை எப்படி வெட்டித் திருப்புவோமோ, அதைச் சோதிக்கும் ‘மூஸ் டெஸ்ட்’டை ஸ்வீடன் பத்திரிகை ஒன்று நடத்தியது. அதில் புத்தம்புதிய மெர்சிடஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. நீளம் குறைவான, உயரமான கார் அது. விற்பனையை நிறுத்திவைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்பி வசதியை எல்லா ஏ-கிளாஸிலும் கொடுத்த பிறகுதான் மெர்சிடஸ் மீண்டது.

அப்படியானால் எஸ்யுவி எல்லாம் ஆபத்தா? இல்லை. இன்றைய எஸ்யுவிகளில் இஎஸ்பி இருக்கிறது, டயர் அகலம் கூடியிருக்கிறது. ஆனால் உயரத்தால் வரும் சாய்வைக் கட்டுப்படுத்த, ஸ்பிரிங்கையும் ஆன்டி-ரோல் பாரையும் இறுக்கமாக்க வேண்டியிருக்கிறது. இறுக்கினால் மேடு பள்ளத்தில் உடம்பு குலுங்கும். தளர்த்தினால் வளைவில் சாயும். தாழ்வான காருக்கு இந்த இக்கட்டு குறைவு. சாய்வே கொஞ்சம் என்பதால், சஸ்பென்ஷனை மென்மையாக வைத்தாலும் கார் கட்டுக்குள் இருக்கும்.

ஸ்டியரிங் பிடித்தால் எப்படி இருக்கும்?

3 சீரிஸ் டூரிங்கில் உட்கார்ந்தால் முன்பக்கம் எல்லாமே செடான்தான். அதே சீட், அதே ஸ்டியரிங், அதே 2,851 மி.மீ. வீல்பேஸ். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் எடை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்திருப்பதால், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு தயங்காமல் திரும்பும். என்ஜின் சக்தி அடிப்படையில் பின் சக்கரங்களுக்குப் போகிறது. அதனால் முன் சக்கரங்களுக்குத் திரும்பும் வேலை மட்டும்தான். ‘எக்ஸ்டிரைவ்’ வகைகளில் நான்கு சக்கரங்களுக்கும் போகும்.

இந்தத் தலைமுறையில் ஷாக் அப்சார்பர்கள், சக்கரம் எவ்வளவு தூரம் மேலும் கீழும் அசைகிறதோ அதற்கேற்ப இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும். சின்னச் சின்ன மேடுகளை மென்மையாகக் கடக்கும். பெரிய பள்ளத்தில் விழுந்தால் உடனே இறுகி, பாடி துள்ளாமல் பிடித்துவிடும். பின் சீட்டில் குழந்தைகள் இருக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் வளைவுகளில் தலை பக்கவாட்டில் ஆடுவதும் குறைவு.

ஹைவேயில் இன்னொரு லாபம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. உயரமும் அகலமும் குறைந்த கார், காற்றில் சின்ன ஓட்டை போட்டால் போதும். பல இடங்களில் வேக வரம்பே இல்லாத ஜெர்மன் ஆட்டோபானில் மணிக்கு 130 கி.மீ. வேகத்துக்கு மேல் போகும்போது, எரிபொருளிலும் காற்றுச் சத்தத்திலும் இது தெரியும்.

“குடும்ப வண்டிதானே, என்ன பெரிய வேகம்?” என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2022-ல் வந்த எம்3 டூரிங், 510 குதிரைத்திறன் கொண்ட வேகன். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் 20.8 கி.மீ. நீளச் சுற்றை சுமார் 7 நிமிடம் 35 வினாடியில் முடித்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1994-ல், வோல்வோ தனது 850 எஸ்டேட்டை பிரிட்டன் டூரிங் கார் பந்தயத்தில் இறக்கியிருக்கிறது.

சாமான் ஏற்றினால்?

வேகனின் உண்மையான பரீட்சை இதுதான். எஸ்யுவியோ செடானோ, டிக்கி நிரம்பிவிட்டால் அடுத்து கூரை கேரியர்தான். காரின் மிக உயரமான இடத்தில் எடை ஏற்றினால் ஈர்ப்பு மையம் இன்னும் மேலே போகும். வேகனில் அதே சாமான் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், தாழ்வாக உட்கார்ந்துவிடும். டிக்கி வாய் தாழ்வாக இருப்பதால் கனமான பெட்டியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கவும் வேண்டாம்.

டூரிங்கில் பின் கண்ணாடியை மட்டும் தனியாகத் திறக்கலாம். முழுக் கதவையும் திறக்க இடமில்லாத பார்க்கிங்கில் ஒரு பையை எடுக்க இது போதும். பின் சீட் 40:20:40 என்று மூன்றாக மடங்கும். நடுப்பகுதியை மட்டும் மடக்கி நீளமான பொருளை நுழைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஆள் உட்காரலாம். கூடுதல் வசதியாக டிக்கித் தரையில் ரப்பர் பட்டைகள் உண்டு. கார் நகர ஆரம்பித்ததும் சில மில்லிமீட்டர் மேலே எழுந்து, பெட்டிகள் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய விஷயங்களும் உண்டு. வேகனில் டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே மேலே தடுப்பு இல்லை. சீட் உயரத்துக்கு மேல் அடுக்கினால், சடன் பிரேக்கில் பெட்டி நேராகப் பின் சீட்டில் இருப்பவர்கள் தலைமீது வரும். அதற்காகத்தான் தடுப்பு வலை. அதைப் போடாமல் கூரைவரை அடுக்கக் கூடாது. அதேபோல் பின்னால் எடை கூடினால் முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் கூர்மை குறையும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ‘ஃபுல் லோடு’ டயர் பிரஷர் தனியாக இருக்கும். புறப்படும் முன் அதைப் பார்த்துக் காற்றடிப்பது அவசியம்.

குறையே இல்லையா?

இருக்கிறது. கேபினும் டிக்கியும் ஒரே அறை என்பதால் பின் டயர் சத்தம் செடானைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும். பெரிய பின்கதவு, கூடுதல் கண்ணாடி, அந்தத் திறப்பைச் சுற்றிப் பாடியை வலுப்படுத்தும் இரும்பு எல்லாம் சேர்ந்து செடானைவிட எடையும் கூடும். செங்குத்தான பின்பக்கம் புழுதியை இழுத்து ஒட்டவைக்கும் என்பதால் பின் வைப்பர் கட்டாயம் தேவை. மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்குக் குனிந்து உட்கார்ந்து எழுவது சிரமம். எஸ்யுவியில் சீட் இடுப்பு உயரத்தில் இருப்பது அவர்களுக்கு நிஜமான வசதி.

பிறகு ஏன் இங்கே இல்லை?

சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ ஆலை இயங்குகிறது. 3 சீரிஸ் அங்கேதான் அசெம்பிள் ஆகிறது. ஆனால் டூரிங் கிடையாது. மாறாக, பின் சீட்டில் கால் நீட்ட வசதியாக வீல்பேஸை 110 மி.மீ. கூட்டிய செடான் வருகிறது. இந்திய வாடிக்கையாளர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்பதற்கு இதுவே சாட்சி.

வேகனை இங்கே யாரும் முயன்று பார்க்காமல் இல்லை. டாடா எஸ்டேட், மாருதி பலேனோ ஆல்டுரா, டாடா இண்டிகோ மரினா, ஸ்கோடா ஆக்டேவியா கோம்பி எல்லாம் வந்து போனவைதான். டிக்கி நீண்ட காரைப் பார்த்ததும் ‘ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கே’ என்ற கிண்டல் ஒரு பக்கம். ஸ்பீடு பிரேக்கரும் மழைத் தண்ணீரும் இன்னொரு பக்கம். இதில் இரண்டாவது காரணம் நியாயமானது. நம் சாலைகளில் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது ஆடம்பரம் இல்லை, தேவை.

ஐரோப்பாவிலும் எஸ்யுவி அலைதான். வேகனுக்கே பெயர்போன வோல்வோ, 2023-ல் பிரிட்டனில் அவற்றின் விற்பனையை நிறுத்தியது. கேட்டு வந்தவர்கள் இருந்ததால் அடுத்த ஆண்டே மீண்டும் கொண்டுவந்தது.

கார் வாங்குபவர் என்ன செய்யலாம்?

வேலைக்காக ஐரோப்பா போகிறவர்கள் வாடகைக் கார் பட்டியலில் ‘எஸ்டேட்’ அல்லது ‘கோம்பி’ என்று பார்த்தால், குடும்பத்தோடு ஊர் சுற்ற அதை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். 

இங்கே செடானா, எஸ்யுவியா என்று குழம்புகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. உயரத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். டிக்கி லிட்டர் கணக்கைப் பாருங்கள், வீட்டில் இருக்கும் பெரிய சூட்கேஸை ஷோரூமுக்கு எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். டெஸ்ட் டிரைவை டிரைவர் சீட்டோடு முடிக்காமல், ஒரு ரவுண்டு பின் சீட்டில் உட்கார்ந்து, வளைவிலும் மேட்டிலும் தலை எவ்வளவு ஆடுகிறது என்று கவனியுங்கள். ஐந்து பேரும் சாமானும் ஏறிய பிறகு கார் எப்படி ஓடும் என்பதுதான் கேள்வி. நிஜ வாழ்க்கையில் அது அப்படித்தானே ஓடப்போகிறது?