உங்களுக்குத் தெரியுமா? பூட்டி வைத்த நாவலும் காவிரிப் படுகை நாவலும்

ஆணை நேசிக்கும் ஆணைக் கதாநாயகனாக்கி 1914-இல் எழுதி முடித்த ‘மாரிஸ்’ நாவலை, சட்டத்துக்கும் ஊர்வாய்க்கும் அஞ்சி ஆங்கில ஆசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் ஆயுள் முழுதும் அச்சேற்றாமலே வைத்திருக்க, அவர் காலமான மறு வருஷம், 1971-இல்தான் அது வெளிவந்தது; அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து, முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டுக் காவிரி பாயும் சோழ நாட்டுப் படுகையின் சமஸ்கிருத விற்பன்னர் கரிச்சான் குஞ்சு, ஆண்களுக்கிடையிலான மோகத்தை மறைக்காது பேசும் ‘பசித்த மானிடம்’ நாவலைத் தம் ஜீவிய காலத்திலேயே பிரசுரித்துவிட்டார்.

• ‘பசித்த மானிடம்’ நாயகன் கணேசன் பேரழகன்; பிற்பாடு தொழுநோயால் பீடிக்கப்படுகிறான். உபதேசமோ அருவருப்போ இன்றி ஆசிரியர் அவனைத் தொடர்ந்து செல்லும் நிதானம், சுப முடிவே வேண்டுமென்று பிடிவாதம் பிடித்த ஃபார்ஸ்டரிடம்கூட இல்லாதது என்பது என் அபிப்பிராயம்.

• 1860-இல் பிரிட்டிஷார் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் இத்தகைய உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு, அந்நாவல் வெளிவந்தபோதும் இங்கே அமலில் இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967-லேயே சட்டம் தளர்ந்தது. நம் சுப்ரீம் கோர்ட் வயது வந்தோரின் சம்மத உறவைக் குற்றமல்லவென்றது 2018 செப்டம்பர் 6-இல்!

• ஆணை நேசிக்கும் ஆணையே நாயகனாக்கிய ஆலன் ஹாலிங்ஹர்ஸ்டின் ஆங்கில நாவல் ‘தி லைன் ஆஃப் பியூட்டி’ புக்கர் பரிசு பெற்றது 2004-இல். அதற்குப் பத்தாண்டு முன்பே, ஷியாம் செல்வதுரையின் ஆங்கில நாவலான ‘ஃபன்னி பாய்’, பெண் குழந்தைகளோடு சேலையுடுத்திக் கல்யாண விளையாட்டு விளையாடும் கொழும்புத் தமிழ்ச் சிறுவன் அர்ஜியை நாயகனாக்கி, 1983 கலவரம்வரை அவன் கதையைச் சொன்னது.